சட்டமே மாறிவிட்டது, பழைய தீர்ப்பு மட்டும் செல்லுமா?

பனியன்காரன்

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரில் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி நடத்துகிறேன், பார்ட்னர்ஷிப், பெரும்பாலும் உள்நாட்டு ஆர்டர்தான். என் தம்பிக்குத் தனியாக ஒரு சாயப்பட்டறை இருக்கிறது. எங்கள் துணியில் முக்கால்வாசி அங்கேதான் சாயம் ஏறுகிறது. 2017-ல் அவன் பட்டறை பொது சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கட்ட வேண்டிய பங்குப் பணம் இல்லாமல் தடுமாறினான், பட்டறை நின்றால் எங்களுக்கும் ஆர்டர் நிற்கும் என்று எங்கள் ஓ.டி. (ஓவர்டிராஃப்ட்) கடன் கணக்கிலிருந்து 60 லட்சம் எடுத்து வட்டியில்லாமல் கொடுத்தோம். அதற்கு பேங்கில் நாங்கள் கட்டிய வட்டி வருடத்துக்கு ஆறரை லட்சத்துக்கு மேல். 2021-ல் வந்த அசெஸ்மென்ட் ஆர்டரில் அதிகாரி அந்த வட்டியைச் செலவாக ஏற்க முடியாது, தம்பிக்கு வட்டியில்லாமல் கொடுத்தது உங்கள் தொழிலுக்காக அல்ல என்று எழுதிவிட்டார். அப்பீல் போட்டு வருடக்கணக்கில் காத்திருக்கிறோம்.

எங்கள் ஆடிட்டர் அப்பீலில் எஸ்.ஏ. பில்டர்ஸ் என்று ஒரு உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத்தான் முழுக்க நம்பியிருக்கிறார். கடன் வாங்கிய பணத்தைச் சகோதர நிறுவனத்துக்கு வட்டியில்லாமல் கொடுத்தாலும், அதில் வணிகத் தேவை இருந்தால் அந்த வட்டியைச் செலவாகக் கழிக்கலாம் என்பது அந்தத் தீர்ப்பு. இப்போது பிரச்சினை என்னவென்றால், 2026 ஏப்ரல் 1-லிருந்து 1961 சட்டம் போய் 2025-ஆம் வருடப் புதிய வருமான வரிச் சட்டம் வந்துவிட்டது. நேற்று டீக்கடையில் ஒருவர், அவரும் கணக்கு பார்க்கிறவர்தான், “சட்டமே இல்லை, அந்தச் சட்டத்துக்குச் சொன்ன தீர்ப்பை வைத்து என்ன பண்ணப் போகிறீர்கள்” என்று கேட்டார். ராத்திரி தூக்கம் வரவில்லை. என் கேள்வி இரண்டு. பழைய அப்பீலுக்கு அந்தத் தீர்ப்பு உதவுமா? தம்பி இன்னும் முழுசாகத் திருப்பித் தரவில்லை, அதனால் இந்த வருடமும் அதே வட்டி ஓடுகிறது. புதிய சட்டத்தில் இதே தகராறு வந்தால் அப்போதும் அதே தீர்ப்பைக் காட்டலாமா?

ஆடிட்டரிடம் கேட்டால் “பார்த்துக்கலாம் சார்” என்கிறார். அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

நேர்ப்பேச்சு_77

டீக்கடைக்காரர் சொன்னது சரிதான் என்று நினைக்கிறேன். சட்டம் ரத்து என்றால் அதன் மேல் நின்ற எல்லாமும் ரத்துதானே. வீட்டை இடித்த பிறகு வாடகை ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் போய் நிற்பது? புதிய சட்டத்துக்குப் புதிய தீர்ப்பு வர இன்னும் பத்து வருடம் ஆகும். அதுவரை அதிகாரி சொல்வதுதான் சட்டம். பேசாமல் வட்டியை விட்டுக்கொடுத்துவிட்டு நிம்மதியாக இருங்கள்.

ஈரோடு_ஆடிட்டர்

நேர்ப்பேச்சு சார், உதாரணம் நன்றாக இருக்கிறது, ஆனால் இங்கே பொருந்தாது. இங்கே வீட்டை இடிக்கவில்லை. சென்னையில் பழைய எண் 14, புதிய எண் 27 என்று பலகை தொங்குமே, அந்த மாதிரி. கதவு எண் மாறியது, உள்ளே குடியிருப்பவர் அவரேதான். எந்த அறையை இடித்துக் கட்டினார்கள், எதை அப்படியே விட்டார்கள் என்று அறை அறையாகப் பார்த்தால்தான் தெரியும்.

பனியன்காரன் சார், முதல் கேள்விக்கு நீங்கள் கவலைப்படவே வேண்டாம். புதிய சட்டத்தின் கடைசிப் பிரிவு 536. பழைய சட்டத்தை ரத்து செய்வதும் அதுதான், ரத்தானாலும் என்னென்ன பிழைத்திருக்கும் என்று சொல்வதும் அதுதான். 2026 ஏப்ரல் 1-க்கு முந்தைய வருடங்கள் சம்பந்தப்பட்ட வழக்குகள், அப்பீல்கள் எல்லாம் பழைய சட்டப்படியேதான் நடந்து முடியும். உங்கள் வருடம் 2017-18. அந்த வருடத்துக்கு இன்றைக்கும் 1961 சட்டம்தான் சட்டம், 2030-ல் டிரிப்யூனலுக்குப் போனாலும் அதுதான் சட்டம். ஆகவே அந்த அப்பீலில் எஸ்.ஏ. பில்டர்ஸ் தீர்ப்புக்கு ஒரு கீறலும் விழவில்லை.

இரண்டாவது கேள்விதான் சுவாரசியமானது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தீர்ப்பு என்பது பிரிவு எண்ணுக்குக் கொடுக்கப்படுவதில்லை, அந்தப் பிரிவில் இருக்கும் சொல்லுக்குக் கொடுக்கப்படுகிறது. நாடாளுமன்றம் ஒரு சொல்லை எடுத்து, நீதிமன்றங்கள் அதற்கு என்ன அர்த்தம் சொல்லியிருக்கின்றன என்று தெரிந்தே, அதே இடத்தில் அதே வேலைக்கு மறுபடியும் புதிய சட்டத்தில் போட்டால், அந்த அர்த்தத்தையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது என்றுதான் நீதிமன்றங்கள் பொதுவாகக் கொள்ளும். இது நம் ஊர் கண்டுபிடிப்பு மட்டும் அல்ல, இங்கிலாந்தில் 1933-லேயே பாரஸ் என்ற மீன்பிடிக் கப்பல் வழக்கில் பிரபுக்கள் சபை சொன்னது. கூடவே நமக்கு அரசியல் சாசனத்தின் 141-ஆவது பிரிவும் இருக்கிறது. உச்ச நீதிமன்றம் அறிவித்த சட்டம் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும்.

இது ஒன்றும் முதல் தடவை இல்லை. 1961 சட்டம் வந்தபோது 1922 சட்டம் ரத்தானது. அப்போதும் உங்கள் டீக்கடைக்காரரின் தாத்தா இதையே கேட்டிருப்பார். என்ன நடந்தது? உங்கள் வழக்கையே எடுத்துக்கொள்வோம். எஸ்.ஏ. பில்டர்ஸ் 2006 டிசம்பரில் வந்த தீர்ப்பு. அதில் நீதிபதிகள் எதைத் தோண்டி எடுத்தார்கள் தெரியுமா? 1964-ல் வந்த மலையாளம் பிளான்டேஷன்ஸ் தீர்ப்பை. அது 1922 சட்டத்தின் 10(2)(xv) பிரிவைப் பற்றியது. லண்டனில் பதிவான தோட்டக் கம்பெனி, இறந்துபோன வெளிநாட்டுப் பங்குதாரர்களின் சார்பில் எஸ்டேட் வரி கட்டிவிட்டு அதைச் செலவாகக் கேட்டது. கம்பெனி தோற்றது. ஆனால் தோற்கடிக்கும்போது நீதிமன்றம் ஒரு விஷயத்தைச் சொன்னது: “தொழிலின் பொருட்டு” என்பது “லாபம் ஈட்டும் பொருட்டு” என்பதைவிட விரிவானது. கம்பெனி செத்தது, வாக்கியம் பிழைத்தது. இன்னொன்றும் கவனியுங்கள், அந்தத் தீர்ப்பு வந்த 1964-ல் 1922 சட்டம் ரத்தாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. ரத்தான சட்டத்தைப் பற்றி, ரத்தான பிறகு சொன்ன வாக்கியம், நாற்பத்திரண்டு வருடம் கழித்து வேறொரு சட்டத்தில் கடன் வட்டி வழக்கை நடத்தியது.

இப்படி இன்னும் எத்தனையோ. விவசாயம் என்றால் என்ன என்று இன்றைக்கும் யாராவது தகராறு செய்தால் 1957-ல் ராஜா வினய் குமார் சகஸ் ராய் வழக்கில் சொன்னதைத்தான் எடுத்துப் போடுவோம். நிலத்தை உழுவது, விதைப்பது மாதிரியான அடிப்படை வேலை மண்ணில் நடந்திருக்க வேண்டும், காட்டில் தானாக முளைத்த மரத்தை வெட்டி விற்பது விவசாயம் ஆகாது. அதுவும் 1922 சட்டத்தில் வந்ததுதான். மூலதனச் செலவா நடப்புச் செலவா என்ற சண்டையில் 1926-ல் இங்கிலாந்தில் வந்த ஆதர்ட்டன் வழக்கைக்கூட இன்றும் சொல்கிறோம், அதற்கு நம் சட்டத்தோடு பிறப்பிலேயே உறவு கிடையாது.

ஆகவே உங்கள் ஆடிட்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். பழைய 36(1)(iii)-ல் இருந்த “தொழிலின் பொருட்டு வாங்கிய கடனுக்கான வட்டி” என்ற வாசகம் புதிய சட்டத்தில் எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது, சொல் மாறியிருக்கிறதா? நான் பார்த்தவரை சாரம் மாறவில்லை. சொல் அதேதான் என்றால் தீர்ப்பும் கூடவே வரும்.

ஜிஎஸ்டி_புலம்பல்

ஈரோடு சார் சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மறுபாதியில் அவர் ரொம்ப நம்பிக்கையாக இருக்கிறார். நான் மறைமுக வரிப் பக்கம். எங்கள் ஆட்கள் இந்த வாழ்க்கையை 2017 ஜூலையிலிருந்தே வாழ்ந்துகொண்டிருக்கிறோம், வாட் போனது, சேவை வரி போனது, எக்சைஸ் போனது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன், ஒரு சொல் போதும் தீர்ப்பைச் சாகடிக்க.

சஃபாரி ரிட்ரீட்ஸ் வழக்கைப் பாருங்கள். ஒடிசாவில் மால் கட்டியவர்கள், கட்டுமானத்துக்குக் கட்டிய ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரி வரவாக, அதாவது தாங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளக் கேட்டார்கள். ஜிஎஸ்டி சட்டத்தில் 17(5)(ஈ) பிரிவில் “பிளான்ட் அல்லது மெஷினரி” என்று இருந்தது, விளக்கத்தில் “பிளான்ட் மற்றும் மெஷினரி” என்று இருந்தது. 2024 அக்டோபர் 3-ல் உச்ச நீதிமன்றம் இரண்டும் ஒன்றல்ல என்றது. கட்டிடமும் சில சூழ்நிலையில் பிளான்ட் ஆகலாம், அது தொழிலில் என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும் என்றது. இந்தச் சோதனையே பழைய வருமான வரித் தீர்ப்புகளிலிருந்து எடுத்ததுதான். பாருங்கள், இதுவரை ஈரோடு சார் சொன்ன கதையேதான், ஒரு சட்டத்தின் தீர்ப்பு இன்னொரு சட்டத்துக்கு உயிர் கொடுக்கிறது. எல்லோரும் லட்டு கொடுத்தார்கள். ஆறு மாதம்கூட முழுசாகத் தாங்கவில்லை. 2025 நிதிச் சட்டத்தில் “அல்லது” என்பதை எடுத்துவிட்டு “மற்றும்” என்று போட்டார்கள், அதுவும் 2017 ஜூலை 1-லிருந்தே அப்படித்தான் இருந்ததாகப் பின்தேதியிட்டு. லட்டு செரிப்பதற்குள் முடிந்தது.

உங்கள் பக்கத்திலேயே இன்னொன்று. நிலத்தை விற்று வீடு வாங்கினால் வரி விலக்கு, 54எஃப். அதில் ரொம்ப காலம் “ஒரு வீடு” என்பதற்கு ஆங்கிலத்தில் “a” என்ற வெறும் சுட்டுச்சொல்தான் இருந்தது, எண் அல்ல. அதை வைத்து நீதிமன்றங்கள் தாராளமாக இருந்தன, சென்னை உயர் நீதிமன்றம் பில்டரோடு கூட்டு ஒப்பந்தம் போட்டு வந்த 5 ஃபிளாட்டுக்கும் சேர்த்து விலக்கு கொடுத்தது. 2014-ல் அந்தச் சுட்டுச்சொல்லை எடுத்துவிட்டு ஒன்று என்ற எண்ணையே போட்டார்கள். அன்றோடு அந்தத் தீர்ப்புகளின் ஆயுள் முடிந்தது. ஆனால், இது முக்கியம், திருத்தம் நடைமுறைக்கு வருவதற்கு முந்தைய வருடங்களுக்கு அந்தத் தீர்ப்புகள் இன்றும் செல்லும். தீர்ப்பு சாகும்போதுகூட தேதி பார்த்துத்தான் சாகும்.

சரி, இதற்கு நேர் எதிர்க் கதையும் என்னிடமே இருக்கிறது, மறைக்க மனமில்லை. கேனன் டங்கர்லி, 1958, நம்ம மதராஸ் விற்பனை வரிச் சட்டத்தில் வந்த வழக்கு. கட்டிட ஒப்பந்தத்தில் சரக்கு விற்பனை என்று தனியாக ஒன்றும் இல்லை, விற்பனை வரி போட முடியாது என்றது உச்ச நீதிமன்றம். அதை மாற்ற சாதாரணச் சட்டம் போதவில்லை, 1982-ல் அரசியல் சாசனத்தையே 46-ஆவது தடவையாகத் திருத்தினார்கள். செத்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். 2006-ல் பிஎஸ்என்எல் வழக்கில் உச்ச நீதிமன்றம், திருத்தம் தொட்ட இடத்தில் மட்டும்தான் அந்தத் தீர்ப்பு போனது, தொடாத இடத்தில் இன்னும் இருக்கிறது என்றது. அரசியல் சாசனத் திருத்தத்துக்கே தப்பிப் பிழைத்த தீர்ப்பு.

ரிடையர்டு_இன்ஸ்பெக்டர்

நான் துறையில் 31 வருடம் வேலை பார்த்து வெளியே வந்தவன். எங்கள் பக்கம் நடப்பதையும் கொஞ்சம் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. புதிய சட்டத்தை 2025 பிப்ரவரி 13-ல் மசோதாவாகக் கொண்டுவந்து, தேர்வுக் குழுவுக்கு அனுப்பி, ஆகஸ்டில் பழைய மசோதாவை வாபஸ் வாங்கிப் புதிதாகக் கொண்டுவந்து நிறைவேற்றினார்கள், ஜனாதிபதி ஒப்புதல் ஆகஸ்ட் 21. இதில் அரசாங்கம் திரும்பத் திரும்பச் சொன்னது, கொள்கை எதையும் பெரிதாக மாற்றவில்லை, மொழியை எளிமையாக்குகிறோம் என்பதுதான். 819 பிரிவு 536 ஆனது, ஐந்து லட்சத்துக்கு மேல் இருந்த சொற்கள் கிட்டத்தட்ட பாதியானது. நாளைக்கு யாராவது “இங்கே சொல் மாறியிருக்கிறது, ஆகவே அர்த்தமும் மாறியது” என்று வாதாடினால், அரசாங்கம் சொன்ன அந்த நோக்கத்தையே எடுத்து முன்னால் வைக்கலாம். வரி கட்டுகிறவர் வைக்கலாம், துறையும் வைக்கலாம், கத்திக்கு இரண்டு பக்கமும் கூர்மை.

ஏன் சொல்கிறேன் என்றால், எளிமையாக்குகிறேன் என்று சில வார்த்தைகளை மாற்றிவிட்டார்கள். பழைய சட்டத்தில் ஒரு பிரிவு மற்றதையெல்லாம் மிஞ்சி நிற்க வேண்டும் என்றால் “நாட்வித்ஸ்டாண்டிங்” என்று ஆரம்பிக்கும். அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் உச்ச நீதிமன்றத்தில் எத்தனையோ தீர்ப்புகள். புதிய சட்டத்தில் அந்த இடத்தில் “இர்ரெஸ்பெக்டிவ் ஆஃப்” என்று போட்டிருக்கிறார்கள். படிக்கிற ஆளுக்கு இரண்டும் ஒன்றுதான். பெரிய வக்கீலுக்கு ஒன்றல்ல. “அந்தச் சொல்லின் வலிமை இந்தச் சொல்லுக்கு இல்லை” என்று ஒரு ரிட் எங்காவது எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். அதேபோல நூற்றுக்கணக்கில் இருந்த “புரோவைசோ”க்களையெல்லாம் எடுத்துவிட்டு உட்பிரிவாகவும் அட்டவணையாகவும் ஆக்கினார்கள். புரோவைசோ என்பது முதன்மைப் பிரிவுக்கு விதிவிலக்கு, அதைத் தாண்டிப் போகாது என்று பழைய தீர்ப்புகள் உண்டு. இப்போது அது விதிவிலக்கா, தனிச் சட்டமா? உட்கார்ந்து யோசிக்க வேண்டிய விஷயம்தான்.

அப்புறம் எல்லோரும் குழம்புகிற இன்னொரு இடம். தீர்ப்பு வேறு, சர்க்குலர் வேறு, நோட்டிஃபிகேஷன் வேறு. சர்க்குலரும் நோட்டிஃபிகேஷனும் ஒரு சட்டத்தின் கீழ் பிறந்தவை, அந்தச் சட்டம் போனால் அவையும் போகும், காப்பாற்றும் வாசகம் இருந்தால்தான் பிழைக்கும். அதற்குத்தான் 536-ல் இடம் வைத்திருக்கிறார்கள், 1961-ல் 297-ஆவது பிரிவில் வைத்த மாதிரியே. புதிய சட்டத்துக்கு முரணாக இல்லாதவரை அவை ஓடும். அது இல்லாவிட்டாலும் 1897-ஆம் வருடப் பொது வாசகச் சட்டத்தின் (ஜெனரல் கிளாசஸ் ஆக்ட்) 24-ஆவது பிரிவு இருக்கிறது. தீர்ப்புக்கு இந்தக் காப்பாற்றும் வாசகமே தேவையில்லை, அது எந்த வரிச் சட்டத்தின் கீழும் பிறந்ததல்ல. நேர்ப்பேச்சு சார் குழப்பிக்கொண்டது இதில்தான் என்று நினைக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. பழைய வருடத்துக்குப் பழைய சட்டம் என்று கண்ணை மூடிக்கொண்டு இருக்க வேண்டாம், ரத்துப் பிரிவின் வாசகத்தைப் படித்துப் பாருங்கள். 1962-ல் என்ன ஆனது? பழைய வருட வருமானம்தான், ஆனால் அசெஸ்மென்ட் 1962 ஏப்ரலுக்குப் பிறகு முடிந்தால் அபராதம் புதிய சட்டப்படி என்று 297-ல் எழுதியிருந்தார்கள். ஜெயின் பிரதர்ஸ் வழக்கில் அது அநியாயம் என்று போனார்கள், உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது.

ஈரோடு_ஆடிட்டர்

இன்ஸ்பெக்டர் சார், ஜெயின் பிரதர்ஸை ஞாபகப்படுத்தியதற்கு நன்றி, நான் மறந்தே போனேன்.

ஜிஎஸ்டி புலம்பல் சொன்னதற்கு ஒரு சின்ன எதிர்வாதம். சொல் மாறினாலே தீர்ப்பு செத்துவிடும் என்றும் இல்லை. முடிந்த அசெஸ்மென்ட்டை மறுபடி திறக்கும், 1961 சட்டத்தின் 147-ஆவது பிரிவைப் பாருங்கள். 1989-ல் அதன் வாசகத்தையே மாற்றினார்கள். அதிகாரிக்கு அதிகாரம் விரிந்துவிட்டது, முன்பு பார்த்து முடித்த விஷயத்தில் மனசு மாறினாலும் திறக்கலாம் என்று துறை வாதாடியது. 2010-ல் கெல்வினேட்டர் தீர்ப்பு என்ன சொன்னது? அதிகாரிக்கு இருப்பது மறுமதிப்பீடு செய்யும் அதிகாரம், தன் தீர்மானத்தையே மறுபரிசீலனை செய்யும் அதிகாரம் அல்ல, வெறும் கருத்து மாற்றத்துக்காகத் திறக்க முடியாது. சொல் மாறியும் கொள்கை நின்றது. ஏனென்றால் அந்தக் கொள்கை அந்த ஒரு சொல்லில் இருந்து முளைக்கவில்லை, அதற்குக் கீழே வேர் இருந்தது.

அப்புறம் 2021-ல் “நம்புவதற்குக் காரணம்” என்ற வாசகத்தையே எடுத்துவிட்டு “வருமானம் தப்பியதைச் சுட்டும் தகவல்” என்று போட்டார்கள். 2025 சட்டத்தின் 280-ஆவது பிரிவிலும் தகவல்தான். இப்போது கெல்வினேட்டர் எவ்வளவு தூரம் வரும் என்பதில் எனக்கே முழு நிம்மதி இல்லை. வாதாடலாம், நான் வாதாடுவேன்.

இந்த 2021 மாற்றத்தில் நடந்த கூத்து தெரியுமா? ஏப்ரல் 1-லிருந்து புது நடைமுறை வந்த பிறகும் பழைய பிரிவின் கீழ் சுமார் 90,000 நோட்டீஸ் போய்விட்டது. உயர் நீதிமன்றங்கள் ரத்து செய்தன. கடைசியில் 2022 மே 4-ல் உச்ச நீதிமன்றம் அரசியல் சாசனத்தின் 142-ஆவது பிரிவில் தனக்கிருக்கும் விசேஷ அதிகாரத்தை வைத்து, அவற்றைப் புதிய பிரிவின் கீழ் வந்த காரணம் கேட்கும் நோட்டீஸாகக் கொள்ளுங்கள் என்று ஒட்டுப் போட்டது. சட்டம் மாறும் சமயத்தில் நோட்டீஸில் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று போட்டிருக்கிறது என்பதைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிப் பாருங்கள் என்று என் கட்சிக்காரர்களிடம் சொல்வது இதனால்தான்.

பனியன்காரன்

எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவில்லை. ஒரு சந்தேகம். நேற்று ராத்திரி தேடிப் பார்த்தபோது, எஸ்.ஏ. பில்டர்ஸ் தீர்ப்பே தப்பு என்று உச்ச நீதிமன்றமே பிறகு சொன்னதாக ஒரு இடத்தில் படித்தேன். அது உண்மையா? அப்படியென்றால் சட்டம் மாறியதா இல்லையா என்ற இந்தப் பேச்சே வீண்தானே?

ஈரோடு_ஆடிட்டர்

நல்ல கேள்வி சார், உங்கள் ஆடிட்டரைவிட நீங்கள் நன்றாகத் தேடுகிறீர்கள். 2012-ல் துலிப் ஸ்டார் ஹோட்டல்ஸ் விஷயத்தில் உச்ச நீதிமன்றத்தின் ஒரு அமர்வு, எஸ்.ஏ. பில்டர்ஸை மறுபரிசீலனை செய்ய வேண்டியிருக்கிறது என்று ஒரு வரி சொன்னது உண்மை. தப்பு என்று சொல்லவில்லை, மறுபரிசீலனை வேண்டும் என்றது. துறைக்காரர்கள் பல வருடம் அந்த ஒரு வரியைப் பிடித்துத் தொங்கினார்கள். 2015 நவம்பரில் ஹீரோ சைக்கிள்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் எஸ்.ஏ. பில்டர்ஸைப் பின்பற்றியே வரி கட்டுகிறவருக்குச் சாதகமாக முடித்தது. ஆகவே அப்பீலில் எஸ்.ஏ. பில்டர்ஸை மட்டும் வைக்க வேண்டாம், ஹீரோ சைக்கிள்ஸையும் சேர்த்து வையுங்கள் என்று உங்கள் ஆடிட்டரிடம் சொல்லுங்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. இந்த இரண்டு தீர்ப்பும் உங்களுக்கு வெற்றியைத் தட்டில் வைத்துக் கொடுக்கவில்லை. எஸ்.ஏ. பில்டர்ஸிலேயே உச்ச நீதிமன்றம் வழக்கை முடிக்கவில்லை, வணிகத் தேவை இருந்ததா என்று பார்க்கச் சொல்லித் திருப்பித்தான் அனுப்பியது. சகோதர நிறுவனத்துக்குப் பணம் கொடுத்தாலே வட்டி கழியும் என்று அர்த்தமில்லை, அந்தப் பணத்தை அங்கே உள்ளவர் சொந்தச் செலவுக்கு எடுத்திருந்தால் கிடைக்காது என்று தீர்ப்பிலேயே இருக்கிறது. உங்கள் தம்பி அந்த 60 லட்சத்தைச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் கட்டினார் என்பதற்கு ரசீது இருக்கிறதா? உங்கள் துணி அந்தப் பட்டறையில்தான் சாயம் ஏறியது என்பதற்கு ஜாப் ஒர்க் பில் இருக்கிறதா? அப்போது பட்டறை நிற்கப் போகிறது என்று காட்ட ஏதாவது கடிதம், நோட்டீஸ்? நீங்கள் தோற்பதாக இருந்தால் இந்தக் காகிதம் இல்லாமல்தான் தோற்பீர்கள், 2025 சட்டத்தால் அல்ல.

ரிடையர்டு_இன்ஸ்பெக்டர்

வழிமொழிகிறேன். நான் சர்வீசில் இருந்தபோது பார்த்தது, நாற்பது பக்கம் தீர்ப்பு நகல் வைத்த பேப்பர் புக்கில் ஒரு டெலிவரி சலான்கூட இருக்காது. இந்த வருடக் கணக்குக்கும் இப்போதே எடுத்து வையுங்கள். முடிந்தால் தம்பியோடு ஒரு ஒப்பந்தம் எழுதுங்கள், பணம் எதற்கு, பதிலுக்கு உங்கள் துணிக்கு முன்னுரிமை உண்டா, எப்போது திருப்புவார் என்று. பின்தேதி போட வேண்டாம், இன்றைய தேதியே போதும்.

நேர்ப்பேச்சு_77

சரி, வாடகை ஒப்பந்த உதாரணத்தை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் சஃபாரி கதையைப் படித்த பிறகு சொல்கிறேன், கதவு எண் மட்டும்தான் மாறியது என்று ஈரோடு சார் சத்தமாகச் சொல்ல வேண்டாம், டெல்லியில் யார் காதிலாவது விழுந்து உள்ளே ஒரு சுவரையும் எடுத்துவிடப் போகிறார்கள்.

பனியன்காரன்

ஆடிட்டரிடம் இன்று காலை ஹீரோ சைக்கிள்ஸ் என்று சொன்னேன், ஒரு நிமிடம் பேச்சே இல்லை, அப்புறம் “அதையும் போட்டிடலாம் சார்” என்றார். தம்பியிடம் சுத்திகரிப்பு நிலைய ரசீது மூன்று கிடைத்தது, மொத்தம் 52 லட்சத்துக்கு. மீதி 8 லட்சம் எங்கே என்று கேட்டால் யோசிக்கிறான். 2017-18 ஜாப் ஒர்க் பில்லெல்லாம் குடோன் பரணில் அட்டைப் பெட்டியில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை பையனை ஏற்றிவிட்டு இறக்கணும். எலி விட்டு வைத்திருந்தால் வந்து சொல்கிறேன்.